பேனா தூக்கற வேலை

ஒட்டாது கண்ணு, பயப்படாத. கையில இருக்கறது காஞ்ச மைதான். துப்பட்டாவை அப்படி இழுத்துச் சுருட்டிக்க வேண்டாம், நல்லா சாஞ்சு உக்காரு. நகத்துக்குள்ள போனது மட்டும் போக மாட்டேங்குது. மண்ணெண்ணெய் போட்டுப் பாத்தாச்சு, எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தாச்சு. நேத்து எங்க காலேஜ்ல ஒரு லெக்சரர் அம்மா, "என்ன கோகிலவாணி, ஓட்டுப் போட்டுட்டு வந்தீங்களா?"ன்னு கேக்கறாங்க. ஆமாங்க, பத்து வெரல்லயும் போட்டேன்னு சொன்னேன்.

கோயமுத்தூருக்குத்தானே? நானும் உக்கடம் பஸ் ஸ்டாண்டுலதான் எறங்கறேன். அப்பச் செரி, சொல்லி முடிச்சிரலாம். யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். வீட்டுல சொல்ல முடியாது. வீட்டுல இருக்கறவரைப் பத்தித்தான் பேச்சே.

நான் உடுமலைல ஒரு பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் லேப்ல உதவியாளரா இருக்கறேன். இருபத்திரெண்டு வருசமாச்சு. பசங்க பொகைய விட்ட மோட்டாரு, முள்ளு ஒடஞ்ச மீட்டரு, எதக் குடுத்தாலும் சரி பண்ணிருவேன். பெருமைக்குச் சொல்லல. அந்தக் கை எனக்கு இருக்குது. அப்படிப்பட்டவ ஒரு பேனாவைத் தூக்கறதுக்கு ஏழு மாசம் முட்டி மோதினேன்னா நம்புவியா? ஆடியில ஆரம்பிச்சேன், இப்ப மாசி. ஒரு பேனாவை ஒரு நூல் கனம் மேல தூக்கி, திரும்பக் கீழ வெக்கோணும். அவ்வளவுதான் வேலை. ஏழு மாசம்.

எங்கூட்டுக்காரரு பேரு திருமூர்த்தி. உடுமலைல வந்து பிளான் திருமூர்த்தி வீடு எதுன்னு கேட்டீன்னா யாரும் கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. வீட்டு பிளான் வரையறவரு. இன்ஜினியர் இல்ல, ஐடிஐல வரைபடம் படிச்சவரு. இப்பெல்லாம் அப்ரூவலுக்குக் கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் அனுப்போணும், அத ஒரு இன்ஜினியர் பாத்துக்குவாரு. ஆனா வீடு கட்டறவங்களும் மேஸ்திரியும் கையில வெச்சுப் பாக்கறது இவரு வரஞ்ச தாளைத்தான். டிரேசிங் தாள்ல கறுப்பு மையில வரைவாரு. அந்த எழுத்து இருக்குது பாரு, அச்சு மாதிரின்னு சொல்ல மாட்டேன், அச்சைவிட நல்லா இருக்கும். ஒருத்தரு வீடு கட்டி முடிச்சுட்டு அந்த பிளானைக் கண்ணாடி போட்டு முன் ரூம்ல மாட்டி வெச்சிருக்காரு, சாமி படத்துக்குப் பக்கத்துல.

மூணு வருசத்துக்கு முன்னால வலது கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. கோயமுத்தூர்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். பார்க்கின்சன்னு சொன்னாரு. மாத்திரை குடுத்தாரு. சாப்பிட்டா கொஞ்சம் அடங்கும், அப்புறம் வந்துரும். சோறு திங்கறதுக்கு, சட்டை போடறதுக்கெல்லாம் எப்படியோ சமாளிச்சுக்குவாரு. கோடு போட முடியுமா? பேனாவைத் தாள்ல வெச்சா ரம்பப் பல்லு மாதிரி வருது. நாலு தாளைக் கிழிச்சுப் போட்டாரு. அஞ்சாவது தாளைக் கிழிக்கல. மடிச்சு உள்ள வெச்சுட்டு, வரையற ரூமைச் சாத்திட்டு வந்துட்டாரு.

அதுக்கப்புறம் மேஸ்திரிக வந்தா "இனி வரையறதில்லீங்க"ன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிருவாரு. கூடத்துல உக்காந்து டிவி பாப்பாரு. டிவி ஓடலைன்னாலும் பாப்பாரு. பேச்சு நின்னு போச்சு. நான் ஒண்ணு கேட்டா ஒண்ணுக்குப் பதில். அதுவும் தலைய ஆட்டறதோட செரி.

நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியும். கம்ப்யூட்டர்ல வரஞ்சு பிரிண்ட் எடுக்கலாமேன்னுதானே? எம்பொண்ணு ஓசூர்ல இருக்கறா, அவளும் அதத்தான் சொன்னா. கம்ப்யூட்டர் வந்துச்சு. இவரும் எடது கையால மவுஸைப் புடிச்சு மெல்ல மெல்லப் பழகிட்டாரு. நடுங்கினாலும் அதுல கோடு நேரா வருது. ஒரு வீட்டை வரஞ்சாரு. நான் கடைக்குப் போயி பெரிய தாள்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்து குடுத்தேன். வாங்கிப் பாத்தாரு. அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, "இது யாரு வரஞ்சது?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். டிவி முன்னால போயி உக்காந்துட்டாரு.

எனக்கு எப்படி இருக்கும்? ஆனா ஒண்ணு தோணுச்சு. தாளும் அவரோட தாளா இருக்கோணும், பேனாவும் அவரோட பேனாவா இருக்கோணும், எழுத்தும் அவரோட எழுத்தா இருக்கோணும். கை மட்டும் மிஷினோட கையா இருந்துட்டுப் போகட்டும். படம் வரையற மிஷின் ஒண்ணு இருக்குதல்ல, பேனாவைப் புடிச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் தானே நகர்ந்து வரையும். கடைல வாங்கினா நமக்குக் கட்டுபடியாகாது. நம்மளே பண்ணிக்கலாம்.

லேப்ல தூக்கிப் போட்ட ரெண்டு பழைய பிரிண்டரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதுல இருக்கற கம்பி, மோட்டாரு, பல்லு வெச்ச பெல்ட்டு எல்லாம் அப்படியே ஆச்சு. ஒரு பிளைவுட் பலகை. ரெண்டே வாரத்துல பேனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பால் மாதிரி ஓடுச்சு. எழுத்துக்கு அவரோட பழைய பிளானையெல்லாம் அட்டாலி மேல இருந்து எறக்கி, அவரு எழுதின 'அ' ஒண்ணு, 'ஆ' ஒண்ணுன்னு ஒவ்வொண்ணாத் தேடிப் புடிச்சு, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். 'ஞ' கெடைக்கறதுக்குள்ள எம்பட உசிரு போயிருச்சு. வீட்டு பிளான்ல 'ஞ' எங்க வரும் சொல்லு? கடைசில ஒரு ஞானசேகரன் வீட்டு பிளான்ல கெடச்சுது.

எல்லாம் ஆச்சு. பேனாவைத் தூக்கறதுதான் பாக்கி. அதுதான் சின்ன வேலைன்னு கடைசில வெச்சிருந்தேன்.

தூக்கலைன்னா என்ன ஆகும்னு மொத நாளே தெரிஞ்சு போச்சு. ஒரு கோடு முடிஞ்சு அடுத்த கோட்டுக்குப் போறப்ப பேனா தாள்லயே இழுத்துட்டுப் போகும். 'படுக்கையறை'ன்னு எழுதச் சொன்னேன். 'ப'வுல இருந்து 'டு'வுக்கு ஒரு வாலு, 'க்'குக்கு மேல இருக்கற புள்ளிக்கு ஒரு வாலு. பாத்தா பாகற்காக் கொடி படந்த மாதிரி இருந்துச்சு. நம்ம எழுத்துல எத்தனை எடத்துல பேனாவைத் தூக்கறோம்னு நீ என்னைக்காச்சும் எண்ணியிருக்கியா? நானும் எண்ணினதில்ல. ஒரு வீட்டு பிளானுக்குள்ள ஆயிரம் தடவைக்கு மேல தூக்கோணும்.

பேனா ஒரு குழாய்க்குள்ள நிக்கும். மேல ஒரு நூலு. நூலை இழுத்தா பேனா மேல வரும், விட்டா தன் கனத்துல கீழ எறங்கும். இதுதான் நான் போட்ட கணக்கு. இழுக்கறதுக்கு ஒரு மோட்டார் வேணும். காரு கதவு பூட்டுதல்ல, பட்டன அமுக்கினா டப்புன்னு, அந்த மோட்டார் ஒண்ணு பழைய சாமான் கடைல கெடச்சுது. மாட்டினேன். தூக்குச்சு. நல்லாத் தூக்குச்சு. எறக்கறப்பவும் டப்புன்னு எறக்குச்சு. அவரோட பேனா ஊசி மாதிரி மொனை இருக்கறது, கல்யாணத்துக்கு முன்னால மெட்ராஸ்ல வாங்கினது. ஏழாவது எழுத்துல தாளைக் குத்தி, மொனை வளைஞ்சு போச்சு.

அவரு வந்து பாத்தாரு. பேனாவைக் கழட்டி, மொனையத் தொடச்சு, ஒரு தாள்ல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தாலாச்சும் நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன்.

அடுத்து அவரோட இன்னொரு பேனாவை எடுத்து மாட்டினேன், சிடி பிளேயர்ல தட்டு வெளிய வருமே, அந்த மோட்டாரோட. சத்தமே இல்ல. மெதுவா, அவ்வளவு மெதுவாத் தூக்குது. அது தூக்கறதுக்குள்ள பேனா நின்ன எடத்துல மை எறங்கி மொளகு சைஸுக்கு ஒரு உருண்டை. ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு மொளகு. அதையும் கழட்டினேன்.

அப்பத்தான் ஒருநாள், நான் தரையில சாமானைப் பரப்பி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், அவரு பின்னால நின்னுட்டு, "கோகிலா, அந்த நூலை என் கையில குடு. எப்பத் தூக்கணும்னு எனக்குத் தெரியும்"ன்னாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு, "உங்க கையிலயா? உங்க கை நடுங்குதுன்னுதானே இந்த மிஷினே பண்ணிட்டு இருக்கறேன்"னு சொல்லிட்டேன்.

என்ன அப்படிப் பாக்கற? உண்மையத்தானே சொன்னேன்? நூலைக் கையில புடிச்சா பேனாவும் நடுங்கும். அது அவருக்கே தெரியும். ஆனா போனவரு நாலு நாளு ரூம் பக்கம் வரல. சின்னக் கொழந்தை மாதிரி.

செரின்னு கடைசில சர்வோ மோட்டார் வாங்கினேன். பொம்மை விமானத்துல எல்லாம் போடுவாங்க, தீப்பெட்டி சைஸுதான் இருக்கும். இத்தனை தூரம் திரும்பி நில்லுன்னா திரும்பி நிக்கும். எல்லாரும் அதத்தான் போடறாங்க. நானும் போட்டேன். திரும்புச்சு, நின்னுச்சு. ஆனா சும்மா நிக்க மாட்டேங்குது. நின்ன எடத்துல இருந்து கிர்ருகிர்ருன்னு நடுங்குது. பேனாவும் சேந்து நடுங்குது. கோடு போட்டா பழையபடி ரம்பப் பல்லு!

அவரு அன்னைக்கு வாசப்படில நின்னு பாத்துட்டு இருந்தாரு. நடுங்கற மோட்டாரைப் பாத்தாரு, தன் கையப் பாத்தாரு. "கோகிலா, இதையும் அந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமா?"ன்னு கேட்டுட்டு சிரிச்சாரு. வெடிச் சிரிப்பு. ஒன்றரை வருசத்துக்கு அப்புறம் சிரிக்கறாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பின்ன என்ன, நான் மூணு மாசமா மாரடிச்சிட்டு இருக்கறேன், இவருக்குச் சிரிப்பா இருக்குது!

அந்த வாரம் நான் காலேஜ் விட்டு வீட்டுக்கு வர்றேன். என் தையல் மிஷின் கூடத்துல குப்புறக் கெடக்குது. அடியில இருக்கற மிதிப்பலகையக் காணோம். ஐயோன்னு உள்ள ஓடிப் பாத்தா, மிதிப்பலகை வரையற மேஜைக்குக் கீழ இருக்குது. அதுல இருந்து சைக்கிள் பிரேக் வயர் ஒண்ணு மேஜைக்கு மேல போயி, என் பேனாக் குழாயில கட்டியிருக்குது. மிதிச்சா பேனா மேல வரும், விட்டா கீழ எறங்கும். ஒரே கையால, எடது கையால, பொழுதுக்கும் உக்காந்து பண்ணியிருக்காரு. ஸ்டூல்ல உக்காந்துட்டு எடது காலை அதுமேல வெச்சிருந்தாரு. "காலு நடுங்கல பாரு"ன்னாரு.

நீ சொல்லு. நான் ஒரு மிஷின் பண்றேன். மிஷின்னா தானா ஓடோணும். பட்டனைத் தட்டிட்டு நம்ம பாட்டுக்கு அடுப்படிக்குப் போயி வேலையப் பாக்கோணும். ஒருத்தரு ஸ்டூல்ல உக்காந்து ஆயிரம் தடவை மிதிச்சுட்டு இருந்தா அதுக்குப் பேரு மிஷினா? அதுவும் என் தையல் மிஷினைப் பிரிச்சு!

மக்யா நாளு விடிஞ்சதும் கழட்டிட்டேன். மிதிப்பலகைய எடுத்து தையல் மிஷின்லயே மாட்டினேன். வயரைச் சுருட்டி ஆணில தொங்க விட்டேன். அவரு பாத்துட்டுத்தான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா ஒத்துக்கிட்டாருன்னுதானே அர்த்தம்?

சர்வோ நடுங்கறதுக்குக் காரணத்தைக் கார்த்திகைல கண்டுபுடிச்சேன். கரண்டு போதல. எல்லா மோட்டாருக்கும் ஒரே சப்ளைல இருந்து குடுத்துட்டு இருந்தேன். அதுக்குத் தனியா ஒண்ணு வெச்சு, நடுவுல ஒரு கெப்பாசிட்டர் போட்டதும் கப்சிப்னு நின்னுருச்சு. இருபத்திரெண்டு வருசம் பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கற விசயம். எனக்கே ஒரு மாசமாப் புரியல பாரு.

மார்கழி பொறந்த ஞாயித்துக்கிழமை மொத முழு பிளான் வந்துச்சு. ஒரு வாலு இல்ல, ஒரு உருண்டை இல்ல. 'படுக்கையறை'யில 'க்'குக்கு மேல புள்ளி தனியா நிக்குது, பொட்டு வெச்ச மாதிரி. அவரோட எழுத்து. அவரு நல்லா இருந்தப்ப எழுதின எழுத்து. நான் அடுப்படிக்குப் போயி காப்பியே போட்டுக் குடிச்சுட்டு வந்தேன், அது பாட்டுக்கு வரஞ்சுட்டு இருக்குது.

அவரைக் கூப்பிட்டேன். வந்தாரு. குனிஞ்சு பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. "நல்லாருக்குது"ன்னாரு. போயி டிவி முன்னால உக்காந்துட்டாரு.

அவ்வளவுதான் கண்ணு. நல்லாருக்குது. அஞ்சு மாச வேலைக்கு ஒரு வார்த்தை. அன்னைக்கு ரூமை விட்டுப் போனவரு மார்கழி முழுக்க உள்ள வரல. கம்ப்யூட்டர்ல வரஞ்சு வெச்சாருன்னா நான் பட்டனைத் தட்டறேன். வரையுங்கன்னா, "மிஷின்தான் இருக்குதல்ல, அதையே வரையச் சொல்லு"ங்கறாரு. நானும் எவ்வளவுதான் பொறுத்துக்குவேன்? யாருக்காகப் பண்ணினேன்?

தை மாசம் சம்பூரணம் வந்தா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைக்கறவ. வீட்டுக்காரரு இல்ல, ஒரே பொண்ணு, பெரிய படிப்பு படிக்கறா. மூணு சென்ட் எடம் வாங்கி வெச்சிருக்கா. "அண்ணந்தான் பிளான் போட்டுத் தரோணும். அண்ணன் கை பட்டாத்தான் எனக்கு வீடு"ன்னு வாசல்லயே நின்னுட்டா. அவளுக்காக வேண்டா வெறுப்பாக் கம்ப்யூட்டர்ல வரஞ்சாரு. வியாழக்கிழமை காலைல வாஸ்து பூசை, மேஸ்திரி வந்து அன்னைக்கே கயிறு கட்டறாரு. புதன்கிழமை மத்தியானம் நான் லீவு போட்டுட்டு மிஷினை ஓட விட்டேன்.

வெளிச்சுவரு மூணு பக்கம் முடிஞ்சுது. 'கரக்'குன்னு ஒரு சத்தம். பேனா தூக்கல. சர்வோவுக்குள்ள பிளாஸ்டிக் பல்லு. மூணு மாசமா அத நான் படுத்தின பாட்டுக்கு நாலு பல்லு மழுங்கிப் போச்சு. அந்த மோட்டாரு உடுமலைல கெடைக்காது. கோயமுத்தூருக்கு ஓடி, வாங்கிட்டுத் திரும்பி, மாட்டி, வரஞ்சு... எங்க முடியும்? நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். திருப்புளிய வீசினேன், அது செவுத்துல பட்டுக் காரை பேந்துருச்சு. சத்தம் போட்டே அழுதேன். வெக்கமா இல்ல, சொல்றதுக்கு.

அவரு வந்தாரு. ஆணில இருந்த வயரை எடுத்தாரு. தையல் மிஷினைச் சாச்சாரு, எடது கையால ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டினாரு. கால் மணி நேரத்துல மாட்டிட்டு ஸ்டூல்ல உக்காந்தாரு. "நீ நகத்து. நான் தூக்கறேன்"ன்னாரு.

எனக்கு வேற வழி இருந்துச்சா? பட்டனைத் தட்டினேன். மோட்டாருக்காக ஒவ்வொரு கோட்டு முடிவுலயும் அரை செகண்டு நிக்கற மாதிரி வெச்சிருந்தேன். அவரு அந்த அரை செகண்டுக்குக் காத்துட்டு இருக்கல. கோடு முடியப் போறது அவருக்கு முன்னாலயே தெரிஞ்சுது. அவரு எழுத்துத்தானே. பேனா சுழிக்குள்ள போறப்பவே வாய்க்குள்ள "ம்... ம்... இப்ப"ங்கறாரு, காலு அமுங்குது. பேச்சு வேற. வாய் ஓயல. "இந்த 'ற'வுக்கு நான் எப்பவும் கால் கொஞ்சம் நீட்டி வெப்பேன் கோகிலா, ஐடிஐல ஒரு வாத்தியாரு அதுக்கு மார்க்கைக் கொறச்சாரு"ங்கறாரு. "இந்த செவுரு ஒன்பது அங்குலம், மேஸ்திரி நாலரை போடப் பாப்பான், விடக் கூடாது"ங்கறாரு. நான் மிஷினைப் பாப்பனா, இவரு பேச்சைக் கேப்பனா?

அப்பத்தான் அந்தக் கூத்து. குளியலறை செவுரு வருது. கம்ப்யூட்டர்ல கதவு முன் ரூம் பக்கம் இருக்குது. அந்த எடம் வந்ததும் பேனாவைத் தூக்கோணும், கதவுக்கு எடம் விடோணும். இவரு தூக்கல. பேனா இழுத்துட்டே போயி கதவை அடைச்சு செவுராக்கிருச்சு. "தூக்குங்க, தூக்குங்க"ன்னு கத்தறேன். காதுலயே வாங்கல. பேனா திரும்பி அடுத்த செவுத்துக்கு வந்துச்சு. அங்க பாதில தூக்கிப் புடிச்சுட்டாரு. செவுத்துல ஒரு ஓட்டை.

"என்னங்க பண்றீங்க?"

"கதவை மாத்தறேன்."

"கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே!"

"கம்ப்யூட்டர்ல போடறப்ப ரோசனை பண்ணல. இப்பத்தான் தோணுச்சு. அந்தம்மா முன் ரூம்ல உக்காந்து தைக்கறா. அளவு குடுக்க ஆளுக வந்து உக்காந்திருப்பாங்க. பொண்ணு குளிச்சுட்டு அவங்க முன்னாலயா வரும்?"

கதவுன்னா அது தெறக்கற வளைவு ஒண்ணு போடோணுமல்ல? அது மிஷினுக்குத் தெரியாது. முடிஞ்சதும் பேனாவைக் கழட்டி, வலது கைய எடது கையால அமுக்கிப் புடிச்சுட்டு, அந்த ஒரு வளைவை அவரே போட்டாரு. நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு. அவ்வளவு அழகான பிளான்ல ஒரே ஒரு கதவு மட்டும் நெளிஞ்சிருக்குது. நான் அதை யார்கிட்டக் காட்டி இது என் மிஷின் வரஞ்சதுன்னு சொல்ல முடியும்?

பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்கு, சம்பூரணம் வந்தா. பிளானை விரிச்சுப் பாத்தா. அந்த நெளிஞ்ச கதவு மேல வெரலை வெச்சா. "இது பாப்பா குளிச்சுட்டு நேரா உள் ரூமுக்குப் போறதுக்காண்ணா?"ன்னு கேட்டா. இவரு தலைய ஆட்டினாரு. அவ சீலத் தலைப்பால கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "நான் இதச் சொல்லோணும்னுதான் வந்தேன், ஆம்பளைங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு போன தடவை சொல்லாமப் போயிட்டேண்ணா"ன்னா. அவ போனதும் நான் சொன்னேன், நாளைக்கே நான் கம்ப்யூட்டர்லயும் கதவை மாத்திடறேன், இல்லீன்னா தாளும் அதுவும் ஒத்து வராதுன்னு. அவரு கேக்கல. ரூமுக்குள்ள நின்னு மிதிப்பலகைக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தாரு.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். இப்ப என்ன பாடுன்னு சொல்றேன் கேளு. காலைல எட்டு மணிக்கெல்லாம் ஸ்டூல்ல போயி உக்காந்துக்கறாரு. சாப்பிடக் கூப்பிட்டா வர்றதில்ல. மேஸ்திரிகளை வாசல்ல இருந்தே திருப்பி அனுப்பிட்டு இருந்தவரு, இப்ப உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு மணிக்கணக்காப் பேசறாரு, நான் டீ போட்டுட்டே இருக்கோணும். ஒரே பைலைத் திரும்பத் திரும்ப ஓட விடச் சொல்லறாரு. ஒரு தடவை இந்த செவுத்துல தூக்கறாரு, ஒரு தடவை அந்த செவுத்துல. ஒரே வீட்டுல மூணு வீடு. மை ரொப்பறது, தாளை ஒட்டறது, பட்டன் தட்டறது, எல்லாம் என் தலையில. போன வாரம் மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டர் எப்படி இருக்காருன்னு கேட்டாரு. பிடிவாதம் ஜாஸ்தியாயிருச்சுங்க, பேச்சு ஓயறதில்ல, ஒரு எடத்துல அடங்கி உக்கார மாட்டேங்கறாருன்னு சொன்னேன். அவரு சிரிக்கறாரு. டாக்டருக்கெல்லாம் நம்ம கஷ்டம் எங்க புரியுது?

இப்ப நான் கோயமுத்தூருக்கு வர்றதே புது சர்வோ வாங்கத்தான். பித்தளைப் பல்லு வெச்சது, தேயாது. வாங்க வேண்டாம்னுதான் சொன்னாரு.

உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, உன்னைய நாளைக்குப் பாக்கப் போறதில்லையே. மொத தடவை காட்டினப்பவே டாக்டர் என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டு, கையோட நிக்காதும்மா, நாளாக நாளாகக் காலுக்கும் வரும்னு சொன்னாரு. வெளிய வந்து இவர்கிட்ட, மாத்திரைய நேரத்துக்குப் போடச் சொன்னாருன்னு மட்டும் சொன்னேன். மூணு வருசமா இத நான் யார்கிட்டயும் சொல்லல. பொண்ணுகிட்டக் கூடச் சொல்லல. காலை நம்பி ஒரு மிஷினைக் கட்டி வெச்சுட்டு, அதுவும் போச்சுன்னா அந்த மனுசன் மறுபடி டிவி முன்னால போயி உக்காருவாரே. அத என்னால பாக்க முடியாது கண்ணு. அதனாலதான் தானாத் தூக்கோணும், தானாத் தூக்கோணும்னு அடிச்சுக்கறேன். வாயத் தெறந்து சொல்லவும் முடியாது.

போன ஞாயித்துக்கிழமை பெரிய சண்டை. மோட்டாரை மாட்டிக்கலாமுங்கன்னா, வேண்டாம், என் காலு இருக்குதுங்கறாரு. வாய் தவறி, "காலு எத்தனை நாளைக்கு..."ன்னு ஆரம்பிச்சுட்டேன். பாதில நிறுத்திட்டேன். ஆனா வந்த வார்த்தை வந்ததுதான்.

அவரு மிதிப்பலகைல இருந்து காலை எடுத்தாரு. "அது வர்றப்ப வரட்டும். அன்னைக்கு இந்த ஸ்டூல்ல நீ உக்காரு"ன்னாரு.

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லோணும்? ஏழு மாசமா நீ மோட்டாரு மோட்டாருன்னு அலையறதப் பாத்தாத் தெரியாதா?"

நான் அழுதுட்டு நிக்கறேன். அவரு ஸ்டூலை விட்டு எந்திரிச்சு, "வா, உக்காரு"ங்கறாரு. உக்காந்தேன். காலை வெச்சேன். மிஷினை ஓட விட்டு, எம்பின்னால நின்னுட்டு, "இப்ப"ங்கறாரு. நான் மிதிக்கறதுக்குள்ள பேனா போயிருச்சு. "லேட்டு"ங்கறாரு. அடுத்த எழுத்து. "லேட்டு." அதுக்கடுத்த எழுத்து. "ரொம்ப சீக்கிரம்." அன்னைல இருந்து தினமும் பொழுதோட காலேஜ் விட்டு வந்ததும் அரை மணி நேரம். நானும் முட்டி முட்டிப் பாக்கறேன், கோடு எப்ப முடியும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. ஒவ்வொரு முடிவுலயும் ஒரு மை உருண்டை நிக்குது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல என்னைய ஒரு வார்த்தை அதட்டாத மனுசன், இப்ப ஒரு எழுத்துக்கு மூணு தடவை அதட்டறாரு.

மோட்டாரு வாங்கத்தான் போறேன். வாங்கிட்டுப் போயி பெட்டிக்குள்ள வெச்சுக்கறேன், அது அவருக்குத் தெரிய வேண்டியதில்ல. ஆனா கடைல நின்னு பேரம் பேசிட்டு இருக்க நேரமில்ல. மூணு மணி பஸ்ஸைப் புடிச்சாகோணும். ஆறு மணிக்கு டாண்ணு ஸ்டூல்ல உக்காரோணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நான் போயிச் சேரலைன்னா அதுக்கும் 'லேட்டு'ம்பாரு.